க்ளூபாட்டில் ஒரு கிண்ணம் தண்ணீர்

இரண்டாம் நாள் காலை எட்டரை மணிக்குப் பெரியப்பா ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, எங்கள் கூடாரத்துக்குப் பின்னால் மர நிழலில் கொண்டுபோய் வைத்தார். கால் லிட்டர் இருக்கும். கால் மணி நேரத்தில் தேன்உண்ணி என்ற பறவை ஒன்று வந்தது. அதன் பின்னாலேயே சாம்பல் நிறத்தில் நான்கு பறவைகள் சத்தம் போட்டுக்கொண்டு வந்து, முதலில் வந்ததைத் துரத்திவிட்டு, கிண்ணத்தின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்தன. பெரியப்பாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். அடுத்த அரை மணி நேரத்தில் காப்பகத்தின் தன்னார்வலர் ஒருவர் வந்து, அந்தக் கிண்ணத்தை எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டார்.

தெற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கும் க்ளூபாட் பறவைக் காப்பகத்துக்கு ஒரு செப்டம்பரில் நாங்கள் நான்கு பேர் போனோம். நான், மனைவி, கல்லூரிக் காலத்து நண்பன், ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பா. மூன்று இரவு தங்குவதாகத் திட்டம். ஐந்து இரவு தங்கினோம். கிண்ணம் வைத்த அன்று இரவே மழை பெய்து பாதை மூடிவிட்டது. கிண்ணம், மழை இரண்டையும் சேர்த்துத்தான் இந்தப் பயணத்தை ஆய்வாக எழுதுகிறேன். இரண்டிலும் நாங்கள் தண்ணீரைத் தப்பாகக் கணக்குப் போட்டோம். "உங்களுக்கு வேண்டிய தண்ணீரை நீங்களே கொண்டுவாருங்கள்" என்று அந்தக் காப்பகம் சொல்வதை, அங்கே குழாய் இல்லை என்ற பொருளில் மட்டும் புரிந்துகொண்டு போனோம். அந்தக் காடு எதனால் பிழைத்துக்கிடக்கிறது என்பதே அந்த ஒரு வரிக்குள் இருந்தது.

போன வழி

அடிலெய்டிலிருந்து ஸ்டர்ட் நெடுஞ்சாலையில் ட்ரூரோ, பிளான்ச்டவுன் வழியாக வேக்கரி. சுமார் 175 கிலோமீட்டர். நல்ல சாலை, சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்று: ரிவர்லாண்டு பகுதிக்குள் பழ ஈ வந்துவிடக் கூடாது என்று கடுமையான கட்டுப்பாடு உண்டு. ஆரஞ்சு, திராட்சைத் தோட்டங்களை நம்பி வாழும் ஊர்கள் அவை. வீட்டிலிருந்து பழமோ, தக்காளி, மிளகாய் மாதிரியான காய்களோ எடுத்துப் போனால் சாலையோரத் தொட்டியில் போட்டுவிட வேண்டும். மனைவி கட்டி எடுத்து வந்த தக்காளியும் பச்சை மிளகாயும் அப்படிப் போயின. வேக்கரியில் வேறு வாங்கிக்கொண்டோம். தமிழ்க் குடும்பம் சமையல் சாமானோடு அந்தப் பக்கம் கிளம்பினால் இதை முன்பே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

வேக்கரியில் மரே ஆற்றைப் படகில் கடக்க வேண்டும். இரும்பு வடத்தில் இழுபடும் மிதவைப் படகு, காரோடு ஏறிக்கொள்ளலாம், கட்டணம் கிடையாது. அக்கரை சேர்ந்ததும் தார் ரோடு முடிந்து மண் பாதை ஆரம்பிக்கிறது. ஆற்றிலிருந்து காப்பகம் வடக்கே 64 கிலோமீட்டர். வழியில் வேலிக் கதவுகள் வரும். திறந்திருந்தால் திறந்தபடியும் மூடியிருந்தால் மூடியும் விட்டுச் செல்ல வேண்டும். பெட்ரோல் கிடையாது, கடை கிடையாது, கைபேசிக்கு சிக்னல் கிடைக்காது. விறகு மூட்டி நெருப்புப் போடவும் அனுமதி இல்லை, கேஸ் அடுப்பு மட்டும்தான்.

நாங்கள் 20 லிட்டர் கேன்களில் எட்டு, மொத்தம் 160 லிட்டர் தண்ணீர் ஏற்றியிருந்தோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர், நான்கு பேர், நான்கு நாள். கணக்கு சரியாக இருந்தது. சரியாக மட்டும்தான் இருந்தது, உபரி எதுவும் இல்லை.

காடு என்றால் எப்படிப்பட்ட காடு

முதல் பார்வையில் பெரியப்பா, "இதையா காடுன்னு சொன்னே?" என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இது புதர் மாதிரிதான் தெரியும். செம்மண் மணல் மேடுகள், அவற்றுக்கு நடுவில் தட்டையான களிமண் தரை, எங்கே பார்த்தாலும் இரண்டு ஆள், மூன்று ஆள் உயரத்துக்கு யூகலிப்டஸ். ஆனால் நம் ஊர்த் தைல மரம் போல ஒற்றைத் தண்டாக நெட்டுக்குத்தாக நிற்காது. தரையிலிருந்தே ஐந்தாறு தண்டுகளாகப் பிரிந்து, குடை விரித்தாற்போல் நிற்கும். இந்த வகை மரத்துக்கும், இது வளரும் நிலத்துக்கும் மல்லீ என்று பெயர். நம் மல்லிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

மல்லீயின் உயிர் தரைக்குக் கீழே இருக்கிறது. அடியில் பெரிய கிழங்கு போல ஒரு முண்டு. தீ வந்து மேலே எல்லாம் கருகினாலும் அந்த முண்டிலிருந்து திரும்பத் துளிர்க்கும். வெளியே பார்க்கும் தண்டுக்கு வயது நாற்பதாக இருந்தால் கீழே இருக்கும் முண்டுக்கு அதைப்போலப் பல மடங்கு இருக்கலாம். இந்த நிலத்தின் முதல்குடிகள் சில மல்லீ வகைகளின் பக்கவேரைத் தோண்டி எடுத்து, துண்டு துண்டாக நறுக்கி, ஒரு பாத்திரத்தில் நட்டக் குத்தலாக நிறுத்தி, வடியும் நீரைக் குடித்தார்கள். மரே ஆறும் மல்லீயும் சேர்ந்த பகுதியின் முதல்குடி மக்களுக்கு இந்த வட்டாரத்தில் பூர்வ உரிமை உண்டென்று நீதிமன்றம் 2011-ல் ஏற்றுக்கொண்டது. குட்டை வெட்டாமலே இந்த நிலத்தில் வாழத் தெரிந்தவர்கள் அவர்கள்.

மரங்களுக்கு அடியில் ஸ்பினிஃபெக்ஸ் என்ற புல், ஊசி ஊசியாக, முள்ளம்பன்றி படுத்திருப்பது போல. நம் கடற்கரை மணலில் உருளும் இராவணன் மீசையின் அறிவியல் பெயரிலும் ஸ்பினிஃபெக்ஸ் வரும். பெயர்தான் ஒன்று, செடி வேறு. இந்த ஊசிப் புல்லுக்குள் ஓடி ஒளியும் சிறு குருவியைப் பார்க்கவே ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நாங்கள் அதன் வாலை மட்டும் பார்த்தோம்.

காப்பகத்தின் பரப்பு 54,000 ஹெக்டேருக்குக் கொஞ்சம் மேல். சென்னை மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டரை அதற்குள் வைத்தாலும் நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் மிச்சம் இருக்கும். ஆண்டு மழை சுமார் 250 மில்லிமீட்டர்.

க்ளூபாட் என்றால் பசைச் சட்டி. தச்சர்கள் வஜ்ஜிரம் காய்ச்சுவார்களே, அந்தப் பானைதான். மழை பெய்தால் இந்தக் களிமண் தரை அப்படி ஆகிவிடும் என்பதால் வந்த பெயர். பெயரிலேயே எச்சரிக்கை இருந்தது. படித்தோம், ரசித்தோம், அதோடு விட்டுவிட்டோம்.

ஆட்டுப் பண்ணை காப்பகமான கதை

இது அரசு வனத்துறை நடத்தும் இடம் இல்லை. முன்பு செம்மறி ஆட்டுப் பண்ணை. பயிர் செய்ய மரத்தை வெட்டி அழிக்காததால் பழைய மல்லீ அப்படியே நின்றுவிட்டது. 1990-களில் மேய்ச்சலைப் பெருக்க இந்த மல்லீயில் தீ வைக்கும் யோசனை வந்தது. பல பத்தாண்டுகளாகத் தீப்படாத மல்லீயில் மட்டுமே வாழும் பறவைகளுக்கு அது முடிவாக இருந்திருக்கும். 1997-ல் பேர்ட்ஸ் ஆஸ்திரேலியா என்ற பறவையாளர் அமைப்பு மக்களிடம் பணம் திரட்டி நிலத்தை வாங்கியது. அந்த அமைப்பு 2012-ல் இன்னொரு அமைப்போடு இணைந்து இன்று பேர்ட்லைஃப் ஆஸ்திரேலியா என்ற பெயரில் இருக்கிறது. காப்பகத்தை அன்றாடம் நடத்துவது தன்னார்வலர்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள், வந்து தங்கிப் பாதை பராமரிப்பு, பறவைக் கணக்கு, வரவேற்பு எல்லாம் பார்க்கிறார்கள். சம்பளம் கிடையாது. அவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோயில் உழவாரப்பணிக்கு வருகிறவர்கள் ஞாபகம் வந்தது.

வாங்கியவர்கள் முக்கியமாகச் செய்த வேலைகளில் ஒன்று, ஆட்டுக்காக வெட்டியிருந்த குட்டைகளை மூடியது.

இதைச் சொன்னதும் பெரியப்பா என்னை நம்பவில்லை. அவர் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். பொதுப்பணித் துறையில் இருபத்தெட்டு வருடம் கண்மாய் பார்த்தவர். கரை பலப்படுத்துவது, மடை பழுது பார்ப்பது, தூர் வாருவது, இதுதான் அவர் வாழ்க்கை. குளம் வெட்டினவன் பேர் ஏழு தலைமுறை நிற்கும் என்று நம்புகிற ஆள். "குட்டையை மூடுறதுக்கா காசு வசூல் பண்ணினாங்க? நல்லாக் கேட்டியாய்யா?" என்றார். அவரிடம் அந்த நேரத்தில் என்னால் சரியாக விளக்க முடியவில்லை. எனக்கே அது முழுசாகப் புரிந்திருக்கவில்லை.

கிண்ணம்

சரி, அந்தக் காலைக்கு வருகிறேன்.

வந்த தன்னார்வலர் ஓய்வுபெற்ற ஆசிரியை, எழுபதை ஒட்டிய வயது. அதட்டவில்லை. முதலில் பறவைகளைத்தான் காட்டினார். "அந்த நாலையும் பாருங்கள். பறந்து போகும்போது முதுகின் கடைசியைக் கவனியுங்கள்." கிண்ணத்தை நோக்கி அவர் ஓர் அடி வைத்ததும் நான்கும் எழும்பின. முதுகு சாம்பல். வால் தொடங்கும் இடத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு பட்டை, ஈரத்துணி உதறினாற்போல் பளிச்சென்று தெரிந்தது.

"மஞ்சள்தொண்டை மைனர்" என்றார். மைனர் என்ற சொல் நம் மைனாவிலிருந்து வந்ததுதான். பறவை மைனா அல்ல, தேன்உண்ணிக் குடும்பம். இதற்கு ஒரு நெருங்கிய சொந்தம் உண்டு: கருங்காது மைனர். அதன் முதுகும் வால் தொடங்கும் இடமும் ஒரே கருஞ்சாம்பல், வெள்ளைப் பட்டை கிடையாது. கண்ணைச் சுற்றி முகமூடி போலக் கறுப்பு. இந்தக் கருங்காதுதான் அழிவின் விளிம்பில் இருக்கிறது. உலகத்தில் தெற்கு ஆஸ்திரேலியா, விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்கள் சந்திக்கும் மூலையில் மிஞ்சியிருக்கும் மல்லீயைத் தவிர வேறெங்கும் இல்லை. அதில் க்ளூபாட்டும் அதை ஒட்டிய பழைய பண்ணை நிலங்களும்தான் அதற்கு முக்கியமான புகலிடம்.

அதை அழித்துக்கொண்டிருப்பது வேட்டையும் இல்லை, விஷமும் இல்லை. கலப்பு. மஞ்சள்தொண்டை திறந்தவெளிப் பறவை. அடர்ந்த பழைய மல்லீக்குள் அதற்கு வேலையில்லை. ஆனால் மனிதன் உள்ளே குட்டை வெட்டினான். குட்டைக்கு ஆடு வந்தது, கங்காருவும் வந்தது. அவை குட்டையைச் சுற்றி மேய்ந்து மிதித்து வெட்டவெளி ஆக்கின. தண்ணீரும் உண்டு, வெட்டவெளியும் உண்டு என்றதும் மஞ்சள்தொண்டை காட்டின் நடுவிலேயே குடிவந்துவிட்டது. வந்த இடத்தில் கருங்காதோடு ஜோடி சேர்ந்தது. பிறக்கும் குஞ்சுகளும் வளர்ந்து குஞ்சு பொரிக்கும் திறனுள்ளவை. ஆகவே சண்டை இல்லாமல், சாவு கண்ணில் படாமல், ஓர் இனம் இன்னொன்றுக்குள் கரைந்துகொண்டிருக்கிறது. பாலில் தண்ணீர் கலந்த பிறகு பிரிக்க முடியுமா?

இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "வாயில்லா ஜீவன் தாகத்துக்குக் குடிக்குது. கால் லிட்டர் தண்ணியில என்ன ஆயிரும்?"

அதை அப்படியே ஆங்கிலத்தில் கேட்டேன். அந்த அம்மா சொன்ன பதில் இது: ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கூடாரம் போடும் இடத்துக்கு வருகிற ஒவ்வொரு குடும்பமும் இதையே நினைத்து இதையே செய்தால், வருடம் முழுக்க இந்த இடத்தில் ஒரு குட்டை இருப்பதற்குச் சமம்.

பெரியப்பா எழுந்து போய்க் கிண்ணத்தை எடுத்தார். தண்ணீரைக் கீழே கொட்டவில்லை. பாத்திரம் கழுவும் கேனில் ஊற்றினார்.

இந்த இடத்தில் எனக்கும் ஒரு கேள்வி இருந்தது, கேட்டேன். காப்பகமே பறவை பார்க்கும் மறைவிடங்களில் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறதே? ஆமாம், வைத்திருக்கிறார்கள். மரத்தாலான மறைவிடத்துக்குள் பெஞ்சில் உட்கார்ந்து துவாரம் வழியாகப் பார்க்கலாம். எதிரே கால் நட்டு உயரத்தில் தூக்கி வைத்த சிறிய தொட்டி. ஆடும் கங்காருவும் எட்டாத உயரம். குட்டையின் பெரிய கேடு, அது மேய்கிற விலங்கைக் கொண்டுவந்து சேர்ப்பது. உயரத் தொட்டியில் அது இல்லை. இருந்தாலும் மஞ்சள்தொண்டைக்குச் சிறகு உண்டே? என் கணிப்பில், இது வருகிறவர்களுக்காகச் செய்துகொண்ட சமரசம். பறவையைக் கிட்டத்தில் பார்த்தால்தான் மனிதர் அந்தக் காட்டுக்குப் பணம் கொடுப்பார், திரும்ப வருவார். சில இடங்களில் மட்டும், கண்காணிப்போடு வைக்கிற தண்ணீர் அது. நாம் நினைத்த இடத்தில் வைக்கும் கிண்ணத்தை அதோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் அது சமரசம்தான் என்பதை ஒத்துக்கொண்டு பேசுவதே நியாயம்.

மழை

அன்று மாலை மேற்கே மேகம் கட்டியது. இரவு பதினொரு மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை பெய்தது. காலையில் தன்னார்வலரின் மழைமானியில் 14 மில்லிமீட்டர். நம் ஊரில் இதை மழைக் கணக்கிலேயே சேர்க்கமாட்டோம்.

நண்பன் வண்டியை எடுத்துப் பார்க்கலாம் என்றான். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, டயரில் காற்றைக் குறைத்தால் போய்விடலாம் என்பது அவன் வாதம். எனக்கும் கொஞ்சம் ஆசைதான், திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியிருந்தது. பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் பாதையில் இறங்கி நடந்தார். நாங்களும் பின்னால் போனோம்.

மணல் மேட்டில் ஈரம் உள்ளே போய்விட்டிருந்தது, கால் பதிந்தாலும் ஒட்டவில்லை. மேடு இறங்கித் தட்டைத் தரைக்கு வந்ததும் மண்ணின் நிறம் மாறியது. முதல் அடியில் செருப்பின் அடியில் ஒரு பூச்சு. பத்தாவது அடியில் அது ஓரங்களில் பிதுங்கி, பார்ப்பதற்கு அப்பளம் மாதிரி விரிந்தது. முப்பதாவது அடியில் ஒவ்வொரு காலிலும் ஒரு செங்கல் எடை. காலைத் தூக்கினால் செருப்பு மண்ணிலேயே நின்றது, வெறுங்கால் மட்டும் வந்தது. குச்சியால் சுரண்டினால் குச்சியில் ஒட்டிக்கொண்டது. கையால் வழித்தால் கையில். வஜ்ஜிரம் என்று சும்மா பெயர் வைக்கவில்லை.

பெரியப்பா குனிந்து ஒரு விள்ளல் எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டினார். கயிறு போலத் திரிந்தது. வளைத்தார், உடையவில்லை. "நம்ம கரிசல் மாதிரியேதான். நிறம்தான் வேற. இதுல வண்டியை இறக்கினா சக்கரத்துக்கும் மட்காடுக்கும் நடுவுல மண்ணு அடைச்சிரும். அப்புறம் நாலு சக்கரம் இருந்தா என்ன, நாப்பது சக்கரம் இருந்தா என்ன? காயட்டும்யா."

அதோடு முடிந்தது. திரும்பி வந்தபோது வரவேற்பு மையத்தில் பாதை மூடியதாக எழுதி வைத்திருந்தார்கள். ஈரத்தில் வண்டி ஓட்டினால் மாட்டிக்கொள்வது மட்டும் இல்லை; சக்கரம் அறுத்த பள்ளம் காய்ந்து கல்லாகிவிடும், அடுத்த மழையில் தண்ணீர் அந்தப் பள்ளம் வழியாக ஓடி அரித்துப் பாதையையே கெடுக்கும். சரிசெய்ய வேண்டியவர்கள் அந்த எழுபது வயதுக்காரர்கள்தான்.

கணக்கு

இருந்த தண்ணீரை எண்ணினோம். முதல் இரண்டு நாளில் 90 லிட்டர் செலவாகியிருந்தது. ஆளுக்கு 10 என்று வைத்திருந்ததை மீறி 11-க்கு மேல் போயிருந்தோம். அரிசி மூன்று தரம் களைந்தது, குக்கர் கழுவியது, பெரியப்பா இரண்டு சொம்பு ஊற்றிக் குளித்தது, நான் தூசி படிந்த வண்டிக் கண்ணாடியைக் கழுவியது. கண்ணாடிக்குப் போன தண்ணீரை நினைத்து அப்புறம் இரண்டு நாள் வருந்தினேன்.

மிச்சம் 70 லிட்டர். பாதை எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, வெயிலும் காற்றும் தான் சொல்ல வேண்டும். ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் என்று கட்டினோம். குடிக்க இரண்டரை, சமைக்க ஒன்றேகால், கை வாய் கழுவக் கால். குளியல் கிடையாது. அரிசி களையாமலே வடித்தோம். தட்டைத் துண்டு ரொட்டியால் துடைத்துத் தின்றுவிட்டுக் காகிதத்தால் துடைத்தோம். மழை இரவில் கூடாரத்தின் மேல்விரிப்பில் தேங்கியிருந்த நீர் ஆறு லிட்டர் கிடைத்தது, பாத்திரத்துக்கு ஆயிற்று. அதை விரிப்பிலேயே விடாமல் உடனே கேனில் பிடித்து மூடியது மனைவி. "பறவை வந்துடும்" என்றாள்.

தன்னார்வலர்களிடம் கேட்டால் கொடுத்திருப்பார்கள். அவர்களும் கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துத்தான் வாழ்கிறார்கள். உயிர்ப் பிரச்சினை வராதவரை கேட்கக் கூடாது என்று முடிவு செய்தோம். ஆறாம் நாள் காலை கிளம்பும்போது 14 லிட்டர் மிச்சம் இருந்தது. இன்னொரு நாள் போயிருந்தால் கையேந்தியிருப்போம். திட்டமிட்ட நாட்களுக்கு வேண்டிய அளவைப் போல இரண்டு மடங்கு தண்ணீரும், மூன்று நாள் கூடுதல் சாப்பாடும் இல்லாமல் அந்தப் படகைத் தாண்டக் கூடாது என்பது என் முடிவு. அதோடு, வீட்டில் ஒருவரிடம் "இந்தத் தேதிக்கு மேல் இத்தனை நாள் பொறுத்துப் பிறகு தேடு" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். நாங்கள் ஞாயிறு வருவோம் என்று மட்டும் சொல்லியிருந்தோம். வரவேற்பு மையத்திலிருந்து ஒரு தகவல் அனுப்பிவைத்த பிறகுதான் அடிலெய்டில் பதற்றம் அடங்கியது.

தூர்ந்த குட்டை

மாட்டிக்கொண்ட நாட்களில்தான் காட்டை உண்மையாகப் பார்த்தோம். நடைபாதைகள் மணல் மேட்டின் மேல் போவதால் நடக்கத் தடையில்லை.

நான்காம் நாள் ஒரு பழைய குட்டைக்குப் போனோம். பெரியப்பா அதை எங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார். தரையில் லேசாகத் தெரிந்த ஒரு பள்ளக் கோட்டைப் பார்த்து, "இது வரத்துக்கால்" என்று அதன் வழியே நடந்தார். நூறு தப்படியில் குட்டை. கரை சரிந்து, பள்ளம் பாதி தூர்ந்து கிடந்தது. மழைத் தண்ணீர் நடுவில் ஒரு பாய் அளவுக்குத் தேங்கியிருந்தது, அதுவும் மறுநாள் காய்ந்துவிடும். அவர் கரை மேல் ஏறி நின்று, எந்தப் பக்கம் உயரம், எங்கே தண்ணீர் வழிந்து போக விட்டிருப்பார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நல்லாத்தான் வெட்டியிருக்கான்" என்றார். அதில் இருந்த வருத்தம் எனக்குக் கேட்டது.

பிறகு நாங்கள் கரையிலிருந்து வெளியே நடந்தோம். முதல் ஐம்பது தப்படிக்குத் தரை கெட்டியாக, வழுக்கையாக இருந்தது. மரம் உண்டு, அடியில் ஒன்றும் இல்லை. இருநூறாவது தப்படியில் சின்னச் சின்னச் செடி. அதற்கும் அப்பால் போகப்போக உப்புப்புதர், ஸ்பினிஃபெக்ஸ் மேடு, உதிர்ந்த பட்டையும் இலையும் கணுக்கால் ஆழம். குட்டையை மூடி இத்தனை வருடம் ஆகியும் ஆடு நின்ற வட்டம் அழியவில்லை. ஆடு தண்ணீரை விட்டு வெகுதூரம் போகாது; அதனால் ஒரு குட்டை என்பது அதைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்கு ஒரு வாய். இரண்டு குட்டைக்கு நடுவில் இன்னொன்று வெட்டினால் காட்டில் அந்த வாய்க்குத் தப்பின இடமே மிஞ்சாது. பெரியப்பா திரும்பி நின்று அந்த வழுக்கைத் தரையைப் பார்த்துக்கொண்டே, "நம்ம ஊர்ல கண்மாய் இல்லாட்டி மனுசன் இல்ல. இங்க கண்மாய் இருந்தாக் காடு இல்ல. மண்ணுக்கு மண்ணு மாறுது" என்றார்.

வரும் வழியில் மல்லீக் கோழியின் பழைய கூடு ஒன்று. ஒரு காலத்தில் யாரோ லாரியில் மணல் கொட்டிவிட்டுப் போனதுபோல் நாலு மீட்டர் அகலத்துக்கு ஒரு மேடு, நடுவில் குழி. கைவிடப்பட்டது என்று தன்னார்வலர் முன்பே சொல்லியிருந்ததால் பக்கத்தில் போனோம். புழக்கத்தில் இருக்கும் கூட்டை நெருங்கக் கூடாது. ஆண் கோழி மாதக்கணக்கில் இலைச் சருகைக் குழிக்குள் இழுத்துப்போட்டு, மேலே மணல் மூடும். சருகு மக்கும் சூட்டில் முட்டை பொரியும். அலகை மணலுக்குள் விட்டுச் சூட்டைப் பார்த்து, கூடினால் மணலைக் கிளறிவிட்டு, குறைந்தால் மூடி, 33 டிகிரி அளவில் நிறுத்தி வைக்கும். குஞ்சு தானே மண்ணைப் பிறாண்டி மேலே வந்து, தாய் தகப்பனைப் பார்க்காமலே காட்டுக்குள் ஓடிவிடும். இந்தக் கோழி தண்ணீர் குடிக்காமலே வாழக் கூடியது. தின்னும் மொட்டு, விதை, பூச்சியில் இருக்கும் ஈரம் போதும். நான் அந்த மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்து மணலை அள்ளிப் பார்த்தேன். அடியில் இன்னும் மக்காத இலைக் காம்புகள், நுணுக்கமாகப் பொடிந்த முட்டை ஓடு ஒன்று, நகத்தளவு, வெளிர் ரோஜா நிறம். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்குப் பழைய மல்லீ அடர்ந்த ஒரு மேட்டில் அந்தச் சத்தம் கேட்டது. கிண்ணத்தருகில் கேட்டது மாதிரியே, கொஞ்சம் கரகரப்பாக. மேலே ஒரு கூட்டம் இலைக்கு இலை தாவிக்கொண்டிருந்தது. இலையில் ஒட்டிவாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் இனிப்புச் செதிலைக் கொத்தித் தின்கிறது என்று படித்திருந்தேன். ஒன்று பறந்தது. நாங்கள் நான்கு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு முதுகின் கடைசியைப் பார்த்தோம். வெள்ளை இல்லை. இன்னொன்று பறந்தது. அதிலும் இல்லை. ஒன்பது வரை எண்ணினோம். மனைவி என் கையைப் பிடித்திருந்தாள், விடவில்லை. பெரியப்பா மெதுவாக, "கறுப்பாத்தான் இருக்கு" என்றார்.

பதிவு

ஆறாம் நாள் காலை பாதை திறந்தது. கிளம்புமுன் வரவேற்பு மையத்தில் பார்த்த பறவைகளைப் பதிவுத்தாளில் எழுதிக் கொடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் நாள், நேரம், இடம், எண்ணிக்கை. ஒன்பது கருங்காது மைனர் என்று எழுதியதும் அந்த ஆசிரியை கேள்வி மேல் கேள்வி கேட்டார்: எந்த வெளிச்சம், எத்தனை பறந்து பார்த்தீர்கள், தாடைக்குக் கீழே கவனித்தீர்களா? பறந்ததைப் பார்த்தது ஆறு, மற்ற மூன்று உட்கார்ந்தே இருந்தன என்று சொன்னோம். அதை அப்படியே, ஆறு என்றும் மூன்று என்றும் தனித்தனியாக எழுதச் சொன்னார். கலப்புப் பறவைகள் இருக்கும் இடத்தில் அந்த வித்தியாசம் முக்கியம்.

தாளை மடிக்கப் போனபோது பெரியப்பா என் முழங்கையைத் தொட்டார். "அந்த மஞ்சத்தொண்டை நாலையும் எழுதுய்யா. கிண்ணத்துல தண்ணி வச்சப்ப வந்துச்சுன்னும் எழுது."

அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் தாளைத் திரும்ப வாங்கி, வரி விட்டு, தானே எழுதினார்: இரண்டாம் நாள், காலை எட்டே முக்கால், கூடாரத் திடல், மஞ்சள்தொண்டை மைனர் நான்கு. கடைசிக் கட்டத்தில், "தரையில் வைத்த கிண்ணத்தில் நீர் அருந்தின. கிண்ணம் அகற்றப்பட்டது."